மரியாதைக்கு ஓர் ஆடு

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் கரிவாயு பஸ், நார்த்தாமலை விலக்குக்குப் பக்கத்தில் வழக்கம்போல மூச்சு முட்டி நின்றபோது எனக்கு முன் ஸீட்டில் இருந்த அம்மாள் சொன்னது. யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து நம் பக்கத்தில் கதைக்குக் குறைச்சலே இல்லை. பஸ் நிற்கும். டிரைவர் பின்னால் போய் அடுப்பைக் கிளறுவார். ஜனங்கள் இறங்கி நிழல் தேடுவார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

அம்மாளின் பெயர் அடைக்கலமேரி. ஆவூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, ஊரிலிருந்து, புதுக்கோட்டை கீழ மூணாம் வீதியில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் என்று, அவள் கேட்காமலே, சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பொழுது போகவேண்டுமே.

"எங்க ஊருல ஒரு வாத்தியாரு ஸ்பெயின் பாஷை படிச்சாரு. அவரு வீட்டுல ஒரு ஆடு இருந்துச்சு" என்றாள்.

முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்தச் சம்பந்தம்தான் கீழே வருவது.

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை. எழுதி எழுதி விட்டவற்றை அப்படியே வைக்கிறேன். காகிதம் கிடைக்காத காலத்தில் கிழித்துப்போட மனசு வரவில்லை.

[மேலை வானம் செம்பஞ்சுக் குழம்பென விளங்க, ஆலயமணியின் இன்னொலி —] வேண்டாம். அந்த ஊர் மணி விரிசல் விட்டது.

[பன்மொழிப் புலமை என்பது மாந்தர்க்கு —] இது பள்ளிக்கூட ஆண்டுவிழா.

[ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு சர்க்கஸ்காரனும், ஸ்பானிய பாஷை தெரியும் என்று சொல்லிக்கொண்ட ஒரு வாத்தியாரும் ஊர் நடுவில் சந்தித்தார்கள். இரண்டு பேருக்கும் —] இது என் சொந்தச் சரக்கு. இரண்டு புளுகர்களையும் மோதவிட்டுப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அடைக்கலமேரியின் வாத்தியார் புளுகர் இல்லை. நிஜமாகவே படித்தார். ஆகையால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆரோக்கியமுத்து வாத்தியாருக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஓலைக்கூரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்து வகுப்பையும் அவரே நடத்தினார். ஆனால் ஊருக்குள் நடக்கும்போது சர்வகலாசாலையே கோட்டுப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி நடப்பார். மழை பெய்யாத நாளில்தான் குடை பிடிப்பார். பெய்தால் நனைந்துவிடும் என்று உள்ளே வைத்துவிடுவார். 'வந்தது' என்று எழுதவேண்டிய இடத்தில் 'வந்தெய்தியது' என்று எழுதுவார். வெள்ளைக்காரச் சாமியார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி வேலையும் அவருக்கு உண்டு. அதனால் அவருடைய கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

(இந்தப் பாராவை அடைக்கலமேரியிடம் படித்துக் காட்டினேன். கதை எழுதி முடித்த பிறகு, மகள் வீட்டுக்கே தேடிப்போய் முழுசையும் படித்தேன். அவள் முறம் நிறைய முந்திரிக்கொட்டையைப் பரப்பி உடைத்துக்கொண்டே கேட்டாள். "குடை சமாச்சாரம் நெசம். ஆனா பிள்ளைகளை அவரு ஒரு நாளும் அடிச்சதில்லை. அதையும் போடுங்க" என்றாள். போட்டிருக்கிறேன்.)

3

ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்பெயினில் ராஜா போய் வேறு அரசாங்கம் வந்து, சேசுசபைச் சாமியார்களை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டது. அப்படிக் கப்பலேறி வந்தவர்களில் ஒருவருக்கு நம் கதைக்காக நான் வைக்கும் பெயர் இஞ்ஞாசி சாமி. (அடைக்கலமேரி சொன்ன பெயர் வேறு.) சின்ன வயசு, செம்பட்டைத் தாடி, எதைச் சொன்னாலும் நம்பும் கண்கள். தமிழ் படிக்க வாத்தியாரிடம் வந்து சேர்ந்தார்.

வாத்தியார் கணக்குப் போட்டார். ஆவூர்ச் சுற்றுவட்டத்தில் லத்தீன் மந்திரம் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்பானியம்? புதுக்கோட்டை சமஸ்தானம் முழுக்கச் சல்லடை போட்டாலும் ஓர் ஆள் கிடையாது. ஆகவே தமிழுக்குப் பதிலாக ஸ்பானியம் வேண்டும் என்றார். சாமிக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் வினைச்சொல் வரைக்கும்தான். நான், நீ, அவன், நாங்கள், நேற்று, இன்று, நாளை என்று ஒரே வினை அந்த பாஷையில் எத்தனை வேஷம் போடுகிறது என்று பார்த்ததும் வாத்தியாருக்கு மயக்கம் வந்தது. சாமி மனமிரங்கி ஒரு குறுக்குவழி காட்டினார். வேஷம் போடாத ஒரு வடிவம் உண்டு: 'தார்' என்றால் 'கொடுக்க'. அவ்வளவுதான். யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று அது சொல்லாது. வண்டியில் பூட்டாத மாடு மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். யாருக்கு, எதை என்பதை மட்டும் அதன் வாலில் கட்டிவிடலாம். 'தார்மே' என்றால் எனக்குக் கொடுக்க. 'தார்மேலோ', எனக்கு அதைக் கொடுக்க. 'தார்ஸேலோ', அவருக்கு அதைக் கொடுக்க. வாங்குகிற ஆள் முதலில், வாங்குகிற பொருள் அதற்குப் பின்னால். எல்லாம் ஒரே சொல், நடுவில் மூச்சு விடக்கூடாது.

வாத்தியாருக்கு இது பிடித்துப்போயிற்று. ஆளும் இல்லை, காலமும் இல்லை, பொறுப்பும் இல்லை. வால் மட்டும் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும். ஒரு பாஷையில் இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பாடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த பாடத்துக்குப் போக மறுத்துவிட்டார். வயல் வரப்பில் நடந்துபோகும்போது 'தெஸீர்மே, தெஸீர்லே, தெஸீர்ஸேலோ' என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்குச் சொல்ல, அவருக்குச் சொல்ல, அவருக்கு அதைச் சொல்ல.

கடைசிச் சொல்லை ஒரு நாள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். ஏனென்றால் அதே சமயத்தில் உள்ளேயிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது.

"வெள்ளச்சி, சோறு ஆயிருச்சு. எசமான்கிட்ட அதைச் சொல்லு."

வெள்ளச்சி என்பது ஆடு.

4

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போகாமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

வாத்தியாரின் மனைவி ஜெபமாலையம்மாள், புருஷனோடு நேராகப் பேசுவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. காரணத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். [நகை —] இல்லை. [மாமியார் —] அவள் எப்போதோ செத்துப்போனாள். நடந்தது இதுதான். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஜெபமாலையம்மாள் முழங்கை வரைக்கும் சாணியோடு, சேலையை ஏற்றிச் செருகியபடி, எருத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பார்வை அங்கே போயிற்று. யார் இது என்று அவர் கேட்கக்கூட இல்லை. வாத்தியாரே முந்திக்கொண்டு, "வேலைக்காரப் பொம்பளைதாங்க சார்" என்றார்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, வேலைக்காரி எப்படி நடந்துகொள்வாளோ அப்படி, இன்ஸ்பெக்டருக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அன்றிலிருந்து வேலைக்காரியாகவே இருந்துவிட்டாள். வேலையில் ஒரு குறை கிடையாது. சோறு நேரத்துக்கு வரும், கோட்டு வெளுத்து வரும். ஆனால் எசமானிடம் வேலைக்காரி நின்று கதை பேசுவாளா? சொல்லவேண்டியதையெல்லாம் ஆட்டிடம் சொன்னாள். எசமானுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வெந்நி போட்டாச்சுன்னு சொல்லு. எசமான் மூக்குக்கண்ணாடி நெத்தியிலேயே இருக்குன்னு சொல்லு.

வாத்தியார் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் அல்லவா? பேசாவிட்டால் போகிறாள் என்று அவரும் இருந்துவிட்டார். ராத்திரி மட்டும் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மீனில் முள் அதிகம் என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது ஸ்பானியப் பாடம் வந்து இன்னொரு வேலை செய்தது. தம் வீட்டுக்காரி இத்தனை நாளாய்ப் பேசிவந்ததெல்லாம் அந்த ஒரே பாடம்தான் என்று அவருக்கு உறைத்தது. அவருக்கு அதைச் சொல்ல. அவருக்கு அதைக் கொடுக்க. அவர் எப்போதும் வாலில்தான் இருந்தார்.

நியாயமாக இதற்கு அவர் வெட்கப்பட்டிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக ஒரு இலக்கண உதாரணம் கிடைத்த சந்தோஷத்தில் இஞ்ஞாசி சாமியிடம் போய், தமிழிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு என்று பெருமையடித்துவிட்டார்.

5

சாமி அதைக் காதால் கேட்கவேண்டும் என்று வீட்டுக்கே வந்தார்.

ஜெபமாலையம்மாள் சாமிக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, ஆட்டைப் பார்த்து, "வெள்ளச்சி, சாமிக்கு எளனி சீவவான்னு எசமானைக் கேக்கச் சொல்லு" என்றாள். சாமி சற்று யோசித்தார். விருந்தாளியை நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு. நடுவில் ஓர் ஆடு வேண்டும் என்று புரிந்துகொண்டார். எழுந்து, ஆட்டின் முன் கைகூப்பி, வாத்தியார் சொல்லிக்கொடுத்த செந்தமிழில் விடை சொன்னார்: "வெள்ளாடே, உம்முடைய தலைவியின் அன்புக்கு அடியேன் நன்றியுடையேன். இளநீர் அருந்துவேன்."

இந்த இடத்தில் வாத்தியார் வாயைத் திறந்திருந்தால் கதை முடிந்திருக்கும். திறந்தால் ஏன் ஆட்டோடு பேசுகிறாள் என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் இன்ஸ்பெக்டரைச் சொல்லவேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டார். அது மட்டும் போதாதென்று, திரும்பிப் போகும் வழியில் இதுதான் தமிழ் மரியாதையா என்று சாமி கேட்டபோது, ஆமாம், உயர்ந்தோரிடத்து அஃறிணை வழிக் கூற்று என்று ஒரு பெயரும் வைத்துக்கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து சாமி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்டைத் தேடினார். ஊர்க்காரர்கள் திகைத்தார்கள். பிறகு, சரி, ஸ்பெயின் தேசத்தில் இப்படித்தான் போலிருக்கிறது, பெரியவர் மனசு கோணக்கூடாது என்று, சாமி வருகிறார் என்றால் வாசலில் ஒரு ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். சாமி தமிழ் மரியாதை என்று நினைத்து வணங்கினார். ஊர் ஸ்பானிய மரியாதை என்று நினைத்துப் பதில் வணங்கியது. மதுரைவீரன் என்கிற வண்ணார் வீட்டில் ஆடு இல்லை, கழுதையைக் காட்டினார். சாமி கழுதைக்கும் குறை வைக்கவில்லை. ஊர் மணியக்காரர் தம் வீட்டு ஆடு மெலிந்திருப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து, ஆலங்குடிச் சந்தையிலிருந்து கொழுத்த கிடா ஒன்றைப் பிடித்துவந்தார்.

உண்மை தெரிந்த இரண்டே பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். ஒருவர் வெட்கத்தால் பேசவில்லை. மற்றவள் பேசுவதாயில்லை.

(அடைக்கலமேரி: "ரெண்டு பேருன்னு போடாதீங்க. நான் பக்கத்து வீடு. எனக்கும் தெரியும்." ஏன் சொல்லவில்லை என்றேன். "சாமி கழுதைக்குக் கும்புடு போடுறதை விட்டா அந்த ஊருல வேற என்னங்க இருக்கு பாக்க?" என்றாள்.)

6

அப்புறம் சாமிக்கு மாற்றல் வந்தது. பம்பாயில், தமிழ்க்காரர்கள் கூட்டமாய்க் குடியிருக்கும் இடத்தில் வேலை. தமிழ் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது, நீர் கூட வாரும் என்று வாத்தியாரை அழைத்தார். ரயில், பம்பாய், முன்ஷி உத்தியோகம். வாத்தியார் அன்றைக்கே கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

ஆனால் சாமி ஒரு நிபந்தனை வைத்தார். தேவசந்நிதியில் சேர்ந்தவர்களைப் பிரிக்க அவருக்கு உரிமை இல்லை. ஜெபமாலையம்மாள் கூட வரலாம், அல்லது இங்கேயே இருக்கலாம்; எதுவானாலும் அவள் வாயால் சொல்லவேண்டும். பாடம் படித்துக்கொண்டிருந்த மேஜையில் அவர் இரண்டு சொல்லை எழுதி வைத்தார். 'யேவார்லா', 'தேஹார்லா'. அவளை அழைத்துப்போக. அவளை விட்டுப்போக. எது, என்று கேட்டார்.

வாத்தியார் இரண்டையும் உரக்கப் படித்தார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. இரண்டிலும் அவள் வாலில் 'லா'வாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அழைத்துப்போகிறவன் யார், விட்டுப்போகிறவன் யார் என்று சொல் சொல்லவில்லை. அது வரைக்கும் அவருக்கு அந்த பாஷையில் பிடித்ததே அதுதான். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பின்னாலேயே சாமியும் வந்தார். சாமி வந்தால் சும்மா வருவாரா? பத்துப் பேர் கூட வந்தார்கள். அக்கம்பக்கத்துச் சுவரோரமெல்லாம் தலைகள். பள்ளிக்கூடத்து நாற்காலியை வாசலில் போட்டார்கள். சாமி ஆட்டுக்கு எதிரே உட்கார்ந்து, முறைப்படி வணங்கி, "வெள்ளாடே, இவர் பம்பாய் ஏகலாமா, அம்மையாரும் உடன் வருவார்களா என்று கேட்டு அருள்க" என்றார்.

ஜெபமாலையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடு அசைபோட்டது.

வாத்தியார் அவளைப் பார்த்தார். இவள் 'போகச் சொல்லு' என்று ஆட்டிடம் சொல்லிவிடுவாள், அந்த ஒரு சொல்லோடு தான் பம்பாய் வரைக்கும் வேலைக்காரியின் எசமானாகவே போய்ச் சேரவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஊர் பார்க்க, ஆட்டுக்கு முன்னால், ஆட்டுப் புழுக்கையின்மேல், குந்தினார்.

"வெள்ளச்சி" என்றார். குரல் செந்தமிழில் வரவில்லை. "அன்னைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொன்னது பொய்யின்னு அவகிட்டச் சொல்லு. சாணிக் கையோட நின்னது எம் பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரல எனக்கு. அவரு கேக்காமயே சொன்னேன் பாரு, அதையும் சொல்லு. ஊரு கேக்குது. கேக்கட்டும்."

மணியக்காரர் தம் வீட்டுக் கிடாவை நினைத்துக்கொண்டார். சாமி முதலில், வாத்தியாரும் மரியாதையைச் சரியாகச் செய்கிறார் என்று தலையசைத்தார். பிறகு சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார். தாடியின் செம்பட்டை மெதுவாக நெற்றி வரைக்கும் ஏறியது. எழுந்து, நாற்காலியைத் தூக்கி, ஆட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, ஜெபமாலையம்மாளைப் பார்த்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

7

இப்போது முடிவு. அடைக்கலமேரி அதைச் சொல்வதற்குள் பஸ் புதுக்கோட்டை வந்துவிட்டதால், நானே எழுதிப் பார்த்தது சிலது இருக்கிறது.

முதலாவது. ஜெபமாலையம்மாள் நிதானமாக, "வேலைக்காரிகிட்ட எதுக்குங்க சாமி சம்மதம்?" என்கிறாள். வாத்தியார் ஆட்டுக்கு முன்னாலேயே குந்தியிருக்கிறார். திரை. எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அடைக்கலமேரி முந்திரிக்கொட்டையிலிருந்து தலை நிமிராமல், "அவ அப்படிப் பேசுற ஆளு இல்லை. நீங்கதான் அப்படி" என்றாள்.

இரண்டாவது. "நானும் வாரேன்" என்கிறாள். ரயில், புகை, இருவர். பத்திரிகைக்காரருக்கு இதுதான் பிடிக்கும், படம் போடலாம். அடைக்கலமேரி, "ஆட்டை யாரு பாக்குறது?" என்றாள்.

மூன்றாவது. சாமிக்குச் சமைத்துப்போட ஜெபமாலையம்மாள் மட்டும் பம்பாய் போகிறாள். வாத்தியார் ஊரில் இருந்து எருத் தட்டுகிறார். இதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இது நல்லாருக்கு. ஆனா நடக்கல."

நடந்தது என்ன என்றேன்.

"அவ கையை முந்தானையில தொடச்சா. கையில ஒண்ணும் இல்ல, சும்மாதான் தொடச்சா. சாமியப் பாக்கல, ஆட்டப் பாக்கல. அவரப் பாத்தா. பாத்துப் பேசுனா. நாலு வார்த்தை இருக்கும். ரொம்பச் சன்னமா."

"உங்களுக்குக் கேட்டதா?"

"பக்கத்துச் சுவருல்ல. கேட்டுச்சு."

"என்ன சொன்னார்கள்?"

அடைக்கலமேரி உடைத்த பருப்பை ஊதித் தோல் போக்கினாள். "அது அவருகிட்டச் சொன்னதுங்க."

நான் விடவில்லை. கதைக்கு முடிவு வேண்டும், வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள், பெயரை மாற்றிவிடுகிறேன் என்றெல்லாம் கெஞ்சினேன். அவள் ஒரு கை பருப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பதை எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

"சொன்னா எழுதிப்புடுவீங்க" என்றாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. யார் போனார், யார் இருந்தார் என்று கேட்டு எனக்குக் கார்டு போடவேண்டாம். தெரிந்தே ஆகவேண்டும் என்கிற ஆண்மக்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இதை வீட்டில் உரக்கப் படியுங்கள். படித்துவிட்டு, அந்த வாசலில் ஜெபமாலையம்மாள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்கள் வீட்டம்மாளைக் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பதில் அம்மிக்கல்லுக்குக் கிடைத்தது. உங்களுக்கு அவள் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், அதுதான் முடிவு, எடுத்துக்கொள்ளுங்கள். பூனையைப் பார்த்துச் சொன்னால், கதையை மூடி வைத்துவிட்டு, முதலில் பூனைக்கு முன்னால் போய்க் குந்துங்கள்.